கிலோ ஐந்து ரூபாய் மாங்காயும் உபரி மதிப்பும்

வாசகர் கேள்வி, போச்சம்பள்ளி, 2025 ஜூன் 21

தொழிலாளி தன் கூலிக்கு மேல் உருவாக்கும் மதிப்பை முதலாளி எடுத்துக்கொள்கிறார் என்னும் மார்க்சின் உபரி மதிப்புக் கோட்பாடு ஆலைத் தொழிலாளியைப் பற்றியது. எனக்கு மூன்று ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. நான் யாரிடமும் கூலிக்குப் போகவில்லை. இந்த ஆண்டு பெங்களூரா என்ற தோத்தாபுரி ரக மாங்காய் கிலோ ஐந்து ரூபாய்க்குப் போகிறது. பறிப்புக் கூலி, வண்டி வாடகை, மண்டி கமிஷன் எல்லாம் கழித்தால் கையில் ஒன்றும் நிற்கவில்லை. என்னைச் சுரண்டுவது யார்? மாங்கூழ் ஆலை முதலாளியா, மண்டிக்காரரா, வெளிநாட்டில் கூழ் வாங்குகிறவரா, அல்லது மிகுதியாக விளைந்துவிட்ட மரமா? 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ நூலில் இதற்குப் பதில் இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் இல்லை என்றே சொல்லிவிடுங்கள்.

2025 ஜூன் 22, காலை

பதில் உண்டு என்றே நினைக்கிறேன். கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணத்துக்கு அருகே எங்கள் குடும்பத்துக்கும் தோப்பு இருக்கிறது. இளமையில் பதினொரு பருவங்கள் ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதியிருக்கிறேன். எனவே காயை விற்பவரின் பாட்டையும் வாங்குபவரின் கணக்கையும் அருகிலிருந்து பார்த்தவன்.

பெட்டிக்கடையில் பத்து ரூபாய்க்கு விற்கும் மாம்பழச் சாற்றுப் பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 150 மில்லி சாறு இருப்பதாகவும், அதில் 15 விழுக்காடு கூழ் என்றும் வைத்துக்கொண்டால், கூழ் 22.5 கிராம் வருகிறது. ஏறக்குறைய இரண்டு கிலோ தோத்தாபுரிக்கு ஒரு கிலோ கூழ் இறங்கும் என்பது ஆலையில் நாங்கள் வைத்திருந்த கணக்கு. அப்படியானால் ஒரு பொட்டலத்துக்கு 45 கிராம் காய் போகிறது. கிலோ ஐந்து ரூபாய் விலையில் அதன் மதிப்பு 23 காசுக்கும் குறைவு. மீதியுள்ள ஒன்பது ரூபாய் 77 காசும் உங்கள் உழைப்பிலிருந்து போனதுதான். உங்களைச் சுரண்டுபவர்கள் அந்த ஒன்பது ரூபாய் 77 காசுக்குள் இருக்கிறார்கள்.

2025 ஜூன் 22, இரவு

காலையில் எழுதிய கணக்கு சரி. அதிலிருந்து நான் எடுத்த முடிவு தவறு. நாளை மறுநாள் விரிவாக எழுதுகிறேன். அதுவரை யாரும் அந்த 23 காசை மேடையில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2025 ஜூன் 24

ஒரு பண்டத்தின் இறுதி விலையில் யாருக்கு எவ்வளவு பங்கு கிடைக்கிறது என்பதும், யாருடைய உழைப்பிலிருந்து எவ்வளவு உபரி எடுக்கப்படுகிறது என்பதும் வெவ்வேறு கேள்விகள். நான் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன். அந்தப் பத்து ரூபாய்க்குள் சர்க்கரை இருக்கிறது, அட்டைப் பொட்டலம் இருக்கிறது, வரி இருக்கிறது, லாரி ஓட்டுநரின் இரவு இருக்கிறது, கடைக்காரரின் குளிர்பெட்டிக்கான மின்கட்டணம் இருக்கிறது. கரும்பு வெட்டியவரின் உழைப்பும் காகித ஆலைத் தொழிலாளியின் உழைப்பும் அதில் மறைந்து கிடக்கின்றன. மார்க்சு மாறா மூலதனம் என்று சொல்வது இவ்வாறு முன்பே உறைந்துபோன உழைப்பைத்தான். இவற்றையெல்லாம் மாந்தோப்பு உழவரிடமிருந்து பறித்தது என்று எழுதினால், மற்ற உழைப்பாளிகளின் பங்கையும் நானே அழித்துவிடுகிறேன்.

இன்னொரு சோதனையும் செய்து பார்த்தேன். சென்ற ஆண்டு விளைச்சல் குறைவு. எங்கள் தோப்புக் காய் கிலோ 24 ரூபாய்க்குப் போனது. அதே கணக்கில் பொட்டலத்துக்கு ஒரு ரூபாய் எட்டுக் காசு. அப்படியானால் சென்ற ஆண்டு சுரண்டல் குறைந்து, இந்த ஆண்டு கூடிவிட்டதா? அதே மரங்கள், அதே மருந்தடிப்பு, அதே பறிப்பு. உழைப்பில் எந்த மாற்றமும் இல்லாதபோது விலை ஐந்தில் ஒரு பங்காகச் சரிந்திருக்கிறது. எனவே விலையை மட்டும் பார்த்துச் சுரண்டலை அளக்க முடியாது.

2025 ஜூன் 29

‘மூலதனம்’ முதல் தொகுதியின் மூன்றாம் அத்தியாயத்தில் லினன் நெசவைப் பற்றி ஒரு பத்தி வருகிறது. கெஜம் இரண்டு ஷில்லிங் என்ற வழக்கமான விலையில் சந்தையால் துணி முழுவதையும் உள்வாங்க முடியவில்லை என்றால், சமூகத்தின் மொத்த உழைப்பில் அளவுக்கு மிஞ்சிய பகுதி நெசவில் செலவிடப்பட்டுவிட்டது என்று பொருள். ஒவ்வொரு நெசவாளியும் தேவைக்கு மேல் நேரம் எடுத்து நெய்திருந்தால் என்ன விளைவு ஏற்பட்டிருக்குமோ அதே விளைவு இப்போதும் ஏற்படும் என்கிறார் மார்க்சு. தனி நெசவாளி எவ்வளவு திறமையாக நெய்திருந்தாலும் அது அவரைக் காப்பாற்றாது. இந்தப் பத்தியை முதன்முதலில் வாசித்தபோது நெசவாளிகளை நினைத்துக்கொண்டேன். இந்த ஜூன் மாதத்தில் வாசித்தபோது நம் மண்டிகளில் குவிந்து கிடக்கும் காய் கண்ணில் வந்து நின்றது. மரத்தை ஒழுங்காகக் கவாத்து செய்தவருக்கும் செய்யாதவருக்கும் ஒரே ஐந்து ரூபாய்தான்.

ஆகவே கேள்வியில் இருந்த “விளைந்துவிட்ட மரமா” என்பது அலட்சியப்படுத்தத் தக்கதன்று. இந்த ஆண்டு ஆந்திரத்தில் அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று நிர்ணயித்து, அதில் நான்கு ரூபாயைத் தானே தருவதாக அறிவித்திருக்கிறது. கூடவே சித்தூர் மாவட்டத்தில் பிற மாநிலத் தோத்தாபுரி நுழையக் கூடாது என்று தடையும் போட்டிருக்கிறார்கள். ஆந்திரத்தின் குப்பம் சாலை வழியாகக் காய் அனுப்பியவர்களுக்கு அந்தத் தடையின் பொருள் நன்றாகத் தெரியும்.

ஆனால் மிகுவிளைச்சல் என்பது பாதிப் பதில்தான். மிகுதியாக விளைந்ததால் வந்த இழப்பு ஏன் தோப்புக்காரர் தலையிலேயே முழுவதும் விழுகிறது என்பதை அது சொல்லவில்லை.

2025 ஜூலை 6

இதை ஒரு வாரமாக யோசித்து, இரண்டாம் தொகுதியில் விடை தேடினேன். மார்க்சு 1883இல் மறைந்த பின், அவருடைய தோழர் எங்கெல்சு 1885இல் பதிப்பித்த தொகுதி அது. பலரும் படிக்காமல் தாண்டிப் போகும் நூல். நானும் பல ஆண்டுகள் தாண்டித்தான் போனேன். அதில் உழைப்பு நேரம், உற்பத்தி நேரம் என்று இரண்டைப் பிரித்துப் பேசுகிறார். தானியத்தை விதைக்கவும் அறுக்கவும் ஆகும் உழைப்பு சில வாரங்கள்தான். ஆனால் அது நிலத்தில் மாதக்கணக்கில் நின்றே ஆக வேண்டும். காட்டு மரத்துக்கோ பல பத்து ஆண்டுகள். அந்தக் காலம் முழுவதும் போட்ட பணம் முடங்கிக் கிடக்கிறது.

மாமரத்துக்கு இது அப்படியே பொருந்துகிறது. கன்று வைத்து நாலைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பிறகு ஆண்டுதோறும் தை மாசியில் பூ, ஆனி ஆடியில் காய். நம் உழைப்பு எல்லாம் சேர்த்தால் சில வாரங்கள். மற்றதெல்லாம் மரத்தின் வேலை. பதினொரு மாதம் பொறுமையாகக் காத்திருந்த உழவர், பறித்த நாளிலிருந்து ஒரு வாரம்கூடக் காத்திருக்க முடியாதவராகிவிடுகிறார், ஏனென்றால் காய் பழுத்துவிடும், அழுகிவிடும். ஆலைக்குள் போன கூழ் கிருமி நீக்கிய பையில் ஓராண்டுக்கு மேல் கெடாமல் நிற்கிறது. அந்தக் கூழ் பணமாக மாறிவிட்டால் எத்தனை ஆண்டானாலும் நிற்கும். ஒரே பழம், மூன்று கைகள், மூன்று வெவ்வேறு ஆயுள்கள். சென்ற ஆண்டின் கூழ் கிடங்கில் இருக்கும் ஆலை, இந்த ஆண்டு காயை வாங்காமலும் இருக்க முடியும். விற்காமல் இருக்கத் தோப்புக்காரரால் முடியாது.

சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் காயை ஏற்றிக்கொண்டு ஓர் ஆலை வாசலில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வரிசையில் நின்றோம். முதல் நாள் பேசிய விலை வேறு. மூன்றாம் நாள் காலை எடைமேடை ஏறியபோது கொடுத்த விலை வேறு. அடியில் இருந்த காய் நசுங்கிச் சாறு வடிந்ததால் கழிவு என்று எடையில் ஒரு பங்கையும் கழித்தார்கள். நான் அவர்களைக் கோபித்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அதே கழிவை வேறோர் ஆலையில் பேரேட்டில் எழுதியவன் நான். வாசலில் லாரிகள் சேரச் சேர விலை இறங்கும் என்பது கணக்கு அறையில் எங்கள் அனைவருக்கும் தெரியும். யாரும் அதை உத்தரவாகச் சொன்னதில்லை.

இப்போது கேள்விக்கு என் பதிலை இப்படி மாற்றிக்கொள்கிறேன்: உங்களிடமிருந்து மதிப்பு கைமாறுவது ஆலைக்குள் வேலை நேரத்தின் வழியாக அன்று; காத்திருக்க முடியாத ஒருவர் காத்திருக்க முடிந்த ஒருவரிடம் விற்க நேரும் இடத்தில், விலையின் வழியாகவும் கடனின் வழியாகவும் அது கைமாறுகிறது.

2025 ஜூலை 7

ஊத்தங்கரையிலிருந்து ஒரு நண்பர், இது வணிகச் சூழ்ச்சியே தவிர உபரி மதிப்பு அன்று, மார்க்சின் பெயரை இதில் இழுக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். பாதி ஏற்கிறேன். உபரி மதிப்பு என்ற சொல்லைக் கண்டிப்பான பொருளில் இங்கே வைக்க முடியாது. ஆனால் பிரான்சின் வர்க்கப் போராட்டங்கள் குறித்து 1850இல் மார்க்சு எழுதியபோது, உழவர் சுரண்டப்படுவது ஆலைத் தொழிலாளி சுரண்டப்படுவதிலிருந்து வடிவத்தில் மட்டுமே வேறுபடுகிறது, அடமானமும் வட்டியும் அரசு வரியும் அதன் கருவிகள் என்றார். வடிவம் வேறு என்று அவரே சொன்னதை நாம்தான் மறந்து, எல்லாவற்றையும் ஆலைச் சுவருக்குள் தள்ளிவிட்டோம்.

2025 ஜூலை 13

ஐந்து ரூபாய்க்கும் ஏன் பறிக்கிறீர்கள், மரத்திலேயே விட்டுவிடலாமே என்று பெங்களூரில் இருப்பவர்கள் கேட்கிறார்கள். சிலர் அப்படி விட்டும்விட்டார்கள். ஆனால் பெரும்பாலோர் பறித்தார்கள். அதற்கான விளக்கம் 1894இல் வந்த மூன்றாம் தொகுதியில், நிலவாடகையைப் பற்றிய 47ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. சிறு நில உழவருக்குச் சராசரி இலாபமும் தேவையில்லை, நிலத்துக்கு வாடகையும் தேவையில்லை. தமக்குத் தாமே கொடுத்துக்கொள்ளும் கூலிதான் அவருடைய இறுதி எல்லை, அது கிடைக்கும் வரை பயிர் செய்துகொண்டே இருப்பார், அந்தக் கூலியையும் பல நேரங்களில் உயிர் தரிக்கும் அளவுக்குச் சுருக்கிக்கொள்வார் என்கிறார். என் அண்ணன் பறிப்பாளர்களின் கூலியைக் கணக்கிட்டார், டெம்போ வாடகையைக் கணக்கிட்டார். தன் கூலியையும் அண்ணியின் கூலியையும் ஒரு நாளும் கணக்கில் எழுதியதில்லை. நிலத்துக்குக் குத்தகை என்று ஒன்று உண்டு என்பதும் அந்த நோட்டில் இல்லை. ஒரு முதலாளி நிறுவனம் இந்த விலையில் தோப்பை மூடியிருக்கும். மலிவான கூழ் உலகச் சந்தைக்குத் தொடர்ந்து போவது இந்த எழுதப்படாத கூலியின் மேல்தான்.

சிறு உழவர் விரைவில் அழிந்துவிடுவார் என்ற எதிர்பார்ப்பு மார்க்சிய மரபில் வலுவாக இருந்தது. 2015–16 வேளாண் கணக்கெடுப்பில் இந்தியாவின் நிலவுடைமைகளில் 86 விழுக்காடு இரண்டு எக்டேருக்கும் குறைந்தவை. அவர்கள் அழியவில்லை. அழியாமல் இருப்பதற்கு அவர்கள் கொடுக்கும் விலைதான் மேலே சொன்னது. இந்த இடத்தில் மார்க்சின் கணிப்பு தவறியது, அவருடைய கருவி தவறவில்லை என்பது என் கருத்து.

2025 ஜூலை 19

என் தங்கை மகள் ஓசூர் அருகே மின்னணு உதிரி பாகம் செய்யும் ஓர் ஆலையில் ஒப்பந்தக்காரர் வழியாக வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தபோது நான் இந்தக் குறிப்புகளை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். மாங்காய் அழுகும் கதையைக் கேட்டுவிட்டு அவள் கேட்டது: “நாளைக்கு வர வேண்டாம்னு மெசேஜ் வந்தா, அந்த நாளை நான் என்ன மாமா பண்றது?”

இதை எழுதும்போதும் அந்தக் கேள்வி என் காதில் இருக்கிறது. உழைப்புச் சக்தி விற்கப்படாவிட்டால் அதனால் தொழிலாளிக்கு எந்தப் பயனும் இல்லை என்று முதல் தொகுதியின் ஆறாம் அத்தியாயத்தில் மார்க்சு சொல்கிறார். இன்று விற்காத எட்டு மணி நேரத்தை நாளை சேர்த்துப் பதினாறாக விற்க முடியாது. மாங்காயாவது ஐந்து நாள் தாங்கும். உழைப்புச் சக்தி அன்று மாலையே அழுகிவிடுகிறது. தோப்பையும் ஆலையையும் இணைக்கும் நூலை நான் வேறு எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்தேன். அவள்தான் அதை எடுத்துக் கொடுத்தாள்.

உலகச் சந்தைக்கு இதை விரித்துப் பார்த்தால், கென்னத் கிரேமர், கிரெக் லிண்டன், ஜேசன் டெட்ரிக் ஆகிய மூவர் 2011இல் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வருகிறது. 2010இல் வந்த ஐபோன் 4 விற்பனை விலையில் 58.5 விழுக்காடு ஆப்பிள் நிறுவனத்தின் இலாபமாகப் போனது. தொழிலாளர்களுக்குப் போனது 1.8 விழுக்காடு.

2025 ஜூலை 20

நேற்றைய கடைசி வரியைத் திருத்த வேண்டும். 1.8 விழுக்காடு என்பது சீனத்தில் நடந்த உழைப்புக்கு மட்டுமானது. சீனத்துக்கு வெளியே நடந்த உழைப்புக்கு 3.5 விழுக்காட்டைத் தனியாகக் காட்டியிருக்கிறார்கள், மூலப்பொருள்களுக்கு 21.9 விழுக்காடு. அந்த மூலப்பொருள்களுக்குள்ளும் சுரங்கத் தொழிலாளியின் உழைப்பு இருக்கிறது. ஜூன் 22 காலை மாங்காயில் செய்த அதே பிழையை ஐபோனிலும் செய்துவிட்டேன். சிறிய எண் ஒன்று கிடைத்தவுடன் அதைப் பிடித்துக்கொள்ளும் பழக்கத்தை நான் விட்டாக வேண்டும். இருந்தாலும், தன் பெயரில் ஆலை வைத்து அந்தப் பொருளின் பாகங்களைப் பொருத்தாத நிறுவனம் விலையில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்வதும், பொருத்திய கைகளுக்கு நூற்றுக்கு இரண்டுகூடப் போகாததும் அப்படியே நிற்கின்றன.

2025 ஆகஸ்ட் 3

தங்கை இந்தக் குறிப்புகள் எதையும் படிக்கவில்லை. மகள் சொல்லக் கேட்டிருக்கிறாள். அவள் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: “இந்த வேலையும் இல்லாத காலத்தை நீ பாத்திருக்கியே அண்ணா.”

பார்த்திருக்கிறேன். 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன் எல்லாம் ஒரே தருமபுரி. மழை தவறிய ஆண்டில் கேழ்வரகும் தவறும். ஊரில் பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவார்கள். என் தந்தையும் இரண்டு கோடைகள் போயிருக்கிறார். முதலாளியால் சுரண்டப்படும் துன்பத்தைவிடச் சுரண்டப்படக்கூட வாய்க்காத துன்பம் கொடியது என்ற கருத்தைப் பொருளியலாளர் ஜோன் ராபின்சன் 1962இல் எழுதினார். மார்க்சை மதித்து வாசித்தவர் அவர். என் தங்கையின் வார்த்தையில் அவருடைய கருத்து முழுவதும் அடங்கியிருக்கிறது.

இதற்கு மறுமொழி சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. வேலை கிடைத்தது நன்மை என்பதை மறுப்பவன் அல்லன் நான்; ஓசூரில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்திராவிட்டால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் படிப்பை முடித்திருக்க மாட்டார்கள். ஆனால் வேலையின்றி வெளியே நிற்பவர்களும் வேலைக்குள் இருப்பவர்களும் இரண்டு தனித்தனிக் கூட்டங்கள் அல்லர். முதல் தொகுதியின் 25ஆம் அத்தியாயம், நிலையான வேலையின்றி முதலாளிகளின் தேவைக்குக் காத்து நிற்கும் உழைப்பாளிகளாகிய சேமப் பட்டாளத்தை மிதப்பது, உள்ளுறைந்தது, தேங்கியது என்று மூன்றாகப் பிரிக்கிறது. ஆலைக்கு ஆலை சேர்க்கப்பட்டும் கழிக்கப்பட்டும் நகரும் என் தங்கை மகள் முதல் வகை. ஐந்து ரூபாய்க் காயைப் பார்த்துவிட்டு அடுத்த பேருந்துக்கு எழ ஆயத்தமாக இருக்கும் தோப்புக்காரர் மகன் இரண்டாவது. மூன்று மாதம் மட்டும் ஓடும் கூழ் ஆலையில் காய் கழுவும் பெண்கள் மூன்றாவது. வெளியே நிற்பவரின் எண்ணிக்கைதான் உள்ளே இருப்பவரின் கூலியைத் தீர்மானிக்கிறது. மாங்காய் விலை வீழ்ந்தால் ஓசூரில் கூலி உயராது. தங்கை சொன்ன அந்தக் காலம் முடிந்துபோகவில்லை. அவள் மகளின் சம்பளத்தின் மேல் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

வேலை நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தச் சட்டமுன்வடிவு 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு எழுந்ததால் நிறுத்திவைக்கப்பட்டு, அந்த ஆண்டு மே நாளன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். இங்கிலாந்தில் நெசவாலைப் பெண்களுக்கும் இளையோருக்கும் பத்து மணி நேரச் சட்டம் வந்தது 1847இல். அதற்காக நடந்த போராட்டத்தை மார்க்சு வேலை நாள் பற்றிய நீண்ட அத்தியாயத்தில் விவரிக்கிறார். அந்த அத்தியாயம் பழையதாகிவிட்டது என்று என்னிடம் சொன்னவர்கள் 2023இன் அந்தப் பத்து நாள்களில் அப்படிச் சொல்லவில்லை.

2025 ஆகஸ்ட் 17

கேள்வியில் இருந்த “வெளிநாட்டில் வாங்குகிறவர்” பக்கம் இன்னும் போகவில்லை. நம் கூழ் சவூதி அரேபியாவுக்கும் நெதர்லாந்துக்கும் போகிறது. சமனற்ற பரிமாற்றம் குறித்துப் பொருளியலாளர் ஆர்கிரி இம்மானுவேல் 1969இல் எழுதிய வாதம் இது: மூலதனம் எல்லை தாண்டிப் போய் இலாப வீதத்தைச் சமன் செய்கிறது, உழைப்பாளி எல்லை தாண்ட முடிவதில்லை, ஆகவே கூலி குறைந்த நாட்டின் பண்டம் குறைந்த விலையில் போய்ச் சேர, அந்த வேறுபாடு கூலி மிகுந்த நாட்டில் தங்கிவிடுகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் இதை முழு உண்மை என்று நம்பினேன். இப்போது அவ்வளவு உறுதியில்லை. ஓசூருக்கும் பெங்களூருக்கும் இடையிலுள்ள அத்திப்பள்ளி எல்லையை நம் ஆள்கள் அன்றாடம் தாண்டுகிறார்கள். தாண்டியும் பெங்களூரின் உயர்ந்த கூலி அவர்களுக்குக் கிடைத்துவிடவில்லை. இந்த ஜூனில் எல்லையில் நின்றது உழைப்பாளி அல்லர், காய். நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையே நடப்பதாக இம்மானுவேல் சொன்னது மண்டிக்கும் தோப்புக்கும் இடையிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. நெதர்லாந்தின் ரோட்டர்டாம் துறைமுகம் வரை போக வேண்டிய தேவையே பல நேரங்களில் இல்லை.

2025 டிசம்பர் 28

போச்சம்பள்ளி வாசகர் தன் தோப்பில் ஓர் ஏக்கரை வெட்டித் தென்னை வைக்கப்போவதாக எழுதியிருக்கிறார். தென்னைக்கும் காத்திருக்க வேண்டும் என்பது அவருக்கே தெரியும்.

எங்கள் தோப்பில் இன்னும் பூ எடுக்கவில்லை. நேற்று மண்டியிலிருந்து ஆள் வந்து அடுத்த பருவத்துக்கு முன்பணம் நாற்பதாயிரம் கொடுத்துவிட்டுப் போனார். காய் முழுவதும் அவர்கள் மண்டிக்கே வர வேண்டும், விலை காய் இறங்கும் நாளில் என்று ஒரு தாளில் எழுதியிருந்தது. மருந்தடிக்கவும் பேத்தியின் கல்லூரிக் கட்டணத்துக்கும் பணம் வேண்டியிருந்ததால் அண்ணன் கையெழுத்துப் போட்டார். சாட்சிக்கு நான் போட்டேன்.